திரும்பப் பெற்ற ஜெபம்

எங்கள் ஊரில் யார் மேடை ஏறினாலும் என் மைக்கில்தான் பேச வேண்டும். ஆளும் கட்சிக்காரர், எதிர்க்கட்சிக்காரர், இரண்டு பக்கமும் இடம் கிடைக்காமல் சுயேச்சையாக நிற்கிறவர், எல்லாருக்கும் ஒரே மைக்தான். காலையில் ஒருவர் வாய் கிழியப் பேசிய மைக்கைத் துடைத்து, மாலையில் அவரைத் திட்டுகிறவர் கையில் கொடுப்பேன். ஊரில் என் பெயரே 'மைக்கு' என்று ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சபையில் சும்மா செய்து கொடுப்பேன். சும்மா செய்கிற வேலைக்குத்தான் குறை சொல்ல ஆள் அதிகம். கூலி கொடுத்துக் கூப்பிடுகிற கட்சிக்காரன் "போதும் மைக்கு, நல்லா கேக்குது" என்று போய்விடுவான். சபையிலோ பாட்டுக்கு ஒரு குறை, பிரசங்கத்துக்கு ஒரு குறை, மழை பெய்தால் அதற்கும் நான்தான் காரணம்.

எங்கள் சபைப் போதகர் என் மனைவியின் அண்ணன். வீட்டில் எனக்கு மச்சான், சபையில் ஐயா. வாசலைத் தாண்டும்போது மரியாதையை மாட்டிக்கொள்வேன், வெளியே வந்ததும் கழற்றி வைத்துவிடுவேன். நல்ல மனுஷன். ஆனால் ஒரு முடிவெடுப்பதற்குள் நமக்கு நரை விழுந்துவிடும்.

சபைக்கு நேர் எதிரே மார்க்கெட். அதில் என் மனைவி காய்கறிக் கடை வைத்திருக்கிறாள். இருட்டு பிரிவதற்கு முன் லாரிக்காரனிடம் சண்டை போட்டுச் சரக்கு எடுத்து, வெயில் சாயும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பாள். அந்தக் கடையில் உட்கார்ந்தால் அவளுக்கு ராணி மாதிரி ஒரு களை வந்துவிடும். என்னிடம் கேட்டால், அவள் என்னைக் கட்டிக்கொண்டதைவிட அந்தக் கடையைக் கட்டிக்கொண்டதுதான் அதிகம்.

மார்க்கெட்டின் மூலையில் நகராட்சிக் கழிவறை ஒன்று இருக்கிறது. அழகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கதவு உண்டு, தாழ்ப்பாள் உண்டு, குழாயில் தண்ணீர் உண்டு. ஆண்களுக்கு ஊரெல்லாம் சுவர். பெண்களுக்கு அது ஒன்றுதான். போன வருடம் அது பழுதாகிக் கொஞ்ச நாள் பூட்டிக் கிடந்தது. கடைப் பெண்கள் எல்லாரும் என்ன செய்தார்கள் தெரியுமா? தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். என் மனைவியும் அடக்கி அடக்கி உட்கார்ந்திருந்து, ஒருநாள் குளிர் காய்ச்சலில் உதறிக்கொண்டு விழுந்தாள். சிறுநீரகத்தில் கிருமி ஏறிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றிக் கிடந்தவளைப் பார்த்து டாக்டரம்மா, "தண்ணி குடிக்கணும், வந்தா போகணும். இன்னொரு தடவை இப்படிப் பண்ணா கிட்னி தாங்காது" என்று கண்டிப்பாகச் சொன்னார். அவளுக்குப் பயம் வந்ததோ இல்லையோ, எனக்கு வந்தது. அன்றிலிருந்து அவள் கடையில் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில் இருக்கும். நான் போகும்போதெல்லாம் அதில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

ஒரு நாள் மத்தியானம் போனபோது பாட்டில் நிரம்பி வழிய இருந்தது.

"என்ன, குடிக்கலையா?"

அவள் தலையை மட்டும் அசைத்து மூலையைக் காட்டினாள். கழிவறைச் சுவரில் புதுப் பலகை. இந்தக் கட்டடம் அகற்றப்பட்டு இங்கே வாகன நிறுத்துமிடம் அமைக்கப்படும் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்.

"இன்னும் இடிக்கலையே. அதுக்குள்ள ஏன் பட்டினி கெடக்குற மாதிரி தாகத்துல கெடக்குற?"

"பழகிக்கிறேங்க" என்றாள்.

அந்த ஒரு சொல்லில் எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம், அதனால் தக்காளிக் கூடையை எட்டி உதைத்தேன். அதற்கும் அவளிடம் திட்டு வாங்கினேன்.

அன்று சாயங்காலமே மச்சான் வீட்டுக்கு வந்தார். அவள்தான் கூப்பிட்டிருந்தாள். அவர் உட்கார்ந்ததும் சுற்றி வளைக்காமல் ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணே, அந்தப் பலகையப் பாத்தியா?"

"பாத்தேன் பாப்பா." தலை நரைத்த தங்கைக்கு இன்னமும் பாப்பா என்றுதான் பெயர்.

"சபையில ஒரு வார்த்தை பேசு."

மச்சான் கையைப் பிசைந்தார். "எலக்‌ஷன் நேரம். சபையில அரசியல் பேசினா ரெண்டாப் பிரிஞ்சு நிப்பாங்க. அதுக்குத்தான் நான் அந்தப் பக்கமே போறதில்ல."

"நான் எங்க அரசியல் பேசச் சொன்னேன்? கக்கூஸப் பேசச் சொல்றேன்."

"அத எப்படி பாப்பா அங்க நின்னுட்டுப் பேசறது..."

"ஏன், அங்க வர்றவங்க யாரும் போறதே இல்லையா?"

நான் சிரித்துவிட்டேன். மச்சான் சிரிக்கவில்லை. உண்மையைச் சொன்னார். "நான் பேசினா, தங்கச்சி கடைக்காகப் பேசறான்னு சொல்லுவாங்க. சொல்ல மாட்டாங்களா? நீயே சொல்லு."

பிறகு ஏதோ வழி கண்டுபிடித்தவர் போல முகம் மலர்ந்தார். "சபைக்குப் பின்னாடி நம்ம பாத்ரூம் இருக்குல்ல? சாவி என் ரூம்ல ஆணியிலதான் தொங்குது. உனக்கு வேணும்னா எப்ப வேணாலும் வந்து எடுத்துக்க."

சபைக் கழிவறை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் திறக்கும். வார நாட்களில் பூட்டு. வெளியாட்கள் வந்து அசிங்கப்படுத்துகிறார்கள் என்று எப்போதோ ஒரு தீர்மானம் போட்டிருந்தார்கள். மச்சான் தீர்மானத்தை மீறி ஒரு சலுகை கொடுப்பதே எனக்கு ஆச்சரியம். ஆனால் அவர் தங்கை எழுந்து நின்றாள்.

"எனக்கு மட்டும் சாவி குடுப்ப. வெங்காயக் கடை அக்கா? கீரை விக்கிறாளே, அந்த மாசமா இருக்கிற பொண்ணு? நான் மட்டும் ரோட்டத் தாண்டிப் போயிட்டு வந்து அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்? வேணாம்ணே. நீயே வச்சுக்க உன் சாவிய."

மச்சான் கிளம்பிவிட்டார். வாசல்வரை போய் வழியனுப்பினேன். "மாப்ள, அவ தண்ணி குடிக்கிறாளா?" என்று மட்டும் மெல்லக் கேட்டார். இல்லை என்றேன்.

இரண்டு நாள் கழித்துக் கவுன்சிலர் என் மைக்செட் கடைக்கு வந்தார், பிரசாரத்துக்கு ஒலிபெருக்கி வாடகை பேச. எங்கள் வார்டுக் கவுன்சிலர் ஊருக்கெல்லாம் சொந்தக்காரர். எல்லாச் சாமிக்கும் ஒரு கும்பிடு போடுவார், எல்லாக் கோயிலிலும் அவருக்கு ஓர் இடம் இருக்கும். எங்கள் சபையில் மூன்றாவது பெஞ்சு. ஒரு வருடமாக ஞாயிறு தவறாமல் வந்து உட்கார்ந்திருந்தார். பாட்டுகூட இப்போது சுருதியோடு பாடுகிறார்.

அவர் வாயைத் திறக்கும் முன் நான் பிடித்துக்கொண்டேன். "ஏங்க, பொம்பளைங்க ஒதுங்கறதுக்கு இருக்கிற ஒரே இடத்த இடிச்சுட்டுக் கார் நிறுத்தப் போறீங்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்கா?"

மனுஷன் முகம் வாடிவிட்டது. நடிப்பு என்றால் எனக்குத் தெரிந்துவிடும், எத்தனை மேடை பார்த்திருக்கிறேன். இது நடிப்பில்லை.

"என்ன மைக்கு இப்படிக் கேட்டுட்ட? உங்களுக்காகத்தானய்யா பண்ணேன்."

"எங்களுக்காகவா?"

"வாரா வாரம் ஜெபம் பண்றீங்களே. 'வண்டி நிறுத்த ஒரு இடம் தாரும், வண்டி நிறுத்த ஒரு இடம் தாரும்'னு. நான் முன்னாடியே உக்காந்து கேட்டுட்டிருக்கேன். எத்தனை நாள்தான் கேட்டும் கேக்காத மாதிரி இருக்கறது? நகராட்சியில சண்டை போட்டு அந்த இடத்த வாங்கினேன். மத்தவங்க யாரும் எங்கிட்ட எதுவும் கேக்கலையே. அந்தக் கக்கூஸ் வேணும்னு ஒருத்தராவது வந்து சொன்னாங்களா?"

அவர் சொன்னதில் ஓர் எழுத்துப் பொய் இல்லை. பிரசங்கம் முடிந்ததும் எங்கள் செயலாளர் ஜெபக் குறிப்புகளைச் சொல்வார். நோயாளிகள், பரீட்சை எழுதும் பிள்ளைகள், நாட்டுத் தலைவர்கள், கடைசியாகச் சபைக்கு வண்டி நிறுத்த ஓர் இடம். சபையார் வண்டிகளைத் தெருவில் நிறுத்திவிட்டு, ஆராதனை முடிவதற்குள் போலீஸ்காரன் பூட்டுப் போட்டுவிட்டானா என்று பின்னால் திரும்பித் திரும்பிப் பார்க்கிற கஷ்டம் எல்லாருக்கும் இருந்தது. அதனால் மற்ற குறிப்புகளுக்குச் சாதாரணமாக வரும் ஆமென், இதற்கு மட்டும் கூரையைத் தூக்கும். ஆண்டவர் காதுக்கு எட்டுவதற்கு முன் மூன்றாவது பெஞ்சுக்கு எட்டியிருக்கிறது. அதை மைக் வைத்து எட்ட வைத்தவன் வேறு யார், நான்தான்.

வீட்டுக்குப் போய் அவளிடம் சொன்னேன். கத்திரிக்காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

"நானும் ஆமென் சொன்னேங்க" என்றாள். "சரக்கு வண்டிய எங்க நிறுத்தறதுன்னு நானும் திண்டாடிட்டுத்தான இருந்தேன். எல்லாரையும் விடச் சத்தமாச் சொன்னேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். முதலில் அவளுக்குத்தான் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் அந்தத் தண்ணீர் நிற்கவில்லை.

அந்த வாரக் கமிட்டிக் கூட்டத்தில் எனக்கு வேலையில்லை. போதகர் அறையில் மின்விசிறி கடகடவென்று ஆடுகிறது என்றார்கள், ஏணி போட்டு மேலே ஏறியிருந்தேன். கழற்றவேண்டிய திருகாணிகளை மெதுவாகவே கழற்றினேன். கீழே நடப்பது எல்லாம் நன்றாகக் கேட்டது.

செயலாளர் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். எதை எடுத்தாலும் "விதிமுறை என்ன சொல்லுது?" என்றுதான் ஆரம்பிப்பார். எங்கள் வீட்டில் அவருக்கு விதிமுறை என்றே பெயர். பளபளவென்று கார் வைத்திருக்கிறார், அதில் ஒரு கீறல் விழுந்தால் ஒரு வாரம் துக்கம். கெட்டவர் இல்லை. சபைச் சொத்தில் ஒரு குண்டூசி காணாமல் போனாலும் அவருக்குத் தூக்கம் வராது.

"ஜெபத்துக்குக் கெடச்ச பதில் இது. ஞாயித்துக்கிழமை நன்றி சொல்லி ஜெபம் பண்ணணும். கவுன்சிலர் ரெண்டு நிமிஷம் பேசணும்னு ஆசைப்படறார்" என்றார்.

"பேச்செல்லாம் வேண்டாம்" என்றார் மச்சான். அதுவரைக்கும் சந்தோஷம்.

பொருளாளராக இருக்கும் தையற்கடை அக்கா விடவில்லை. "அப்ப அந்த மார்க்கெட் பொம்பளைங்க கதி?"

"அது நகராட்சி விஷயம். அதுல சபை தலையிட்டா அரசியல்."

"பார்க்கிங் கேட்டது அரசியல் இல்லையா?"

"அது ஜெபம்மா."

"யாருகிட்ட?" என்றார் அக்கா. மேலே நான் திருகாணியைத் தவறவிட்டேன். அது மேசையில் விழுந்து உருண்டது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

செயலாளர் பொறுமையாக விளக்க ஆரம்பித்தார். உலக விஷயம் வேறு, ஆவிக்குரிய விஷயம் வேறு. உடம்பின் தேவைகளைக் கவனிக்க அரசாங்கம் இருக்கிறது. சபை தன் எல்லைக்குள் நிற்க வேண்டும். நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்தி, "ஒரு நிமிஷம்" என்று எழுந்தார். சர்க்கரை வியாதிக்காரர், பாவம். பிரசங்கத்தின் நடுவிலும் இப்படித்தான் எழுந்து போவார், யாரும் தப்பாக நினைப்பதில்லை. சுவரோரம் போய், ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு பின்பக்கக் கதவு வழியாகப் போனார்.

தையற்கடை அக்கா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். நான் ஏணியின் உச்சியில் திருகாணி கழற்றுவதை நிறுத்தினேன். மச்சான் அந்த வெறும் ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளர் திரும்பி வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, சாவியைப் பழையபடி மாட்டிவிட்டு, "எங்க விட்டேன்?" என்றார்.

"எல்லைக்குள்ள நிக்கணும்னு சொல்லிட்டிருந்தீங்க" என்றார் மச்சான்.

குரலில் கிண்டல் இல்லை. ஆனால் அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஏதோ ஒன்று வந்திருந்தது. ஓட்டெடுப்பில் நன்றி ஜெபம்தான் ஜெயித்தது. செயலாளர் ஜெபிப்பார், கவுன்சிலர் பேச மாட்டார் என்று முடிவாயிற்று. மின்விசிறி ஆட்டம் நின்றது. நான் இறங்கி வீட்டுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை. சபை நிரம்பியிருந்தது. மூன்றாவது பெஞ்சில் கவுன்சிலர் துவைத்த வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். பிரசங்கம் முடிந்து செயலாளர் மைக் முன்னால் வந்தார். எல்லாரும் கண்ணை மூடினோம். நான் மட்டும் பாதிக் கண். மைக் போடுகிறவன் முழுக்கண் மூடினால் சபை செவிடாகிவிடும்.

ஜெபம் நன்றாகத் தொடங்கியது. நடுவில்தான் தடம் மாறியது. "எங்கள் குரலைக் கேட்ட இந்த நல்ல கவுன்சிலருக்காக ஸ்தோத்திரம். சாலை போட்டவர், விளக்குப் போட்டவர், மற்றவர்களைப் போல வாக்குக் கொடுத்துவிட்டு ஓடிப்போகாதவர். வருகிற தேர்தலிலும் அவருடைய கரத்தைப் பலப்படுத்தும். எதிர்க்கிறவர்களுடைய ஆலோசனையைச் சிதறடியும்..."

இத்தனை வருடம் மேடை கட்டியவன் நான், இதைவிடச் சுத்தமான தேர்தல் பேச்சைக் கேட்டதில்லை. ஆனால் என்ன செய்வது? பேச்சு என்றால் குறுக்கே கேட்கலாம், கைதட்டி உட்கார வைக்கலாம். ஜெபத்தை யார் நிறுத்துவது? எல்லாரும் கண்ணை மூடித் தலை குனிந்திருக்கிறார்கள். ஜெபம் நடக்கும்போது மைக்கில் கை வைக்கக் கூடாது என்பது மச்சான் எனக்குப் போட்டிருக்கும் ஒரே கட்டளை. மச்சானும் அரைக்கண்ணால் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். சுவிட்சின்மேல் இருந்த என் விரல் அரித்தது.

செயலாளர் மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்தினார். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், மார்க்கெட்டில் விலை கூவிக் கூவி உரம் ஏறிய குரல், கணீரென்று எழுந்தது.

"ஆமென்!"

ஆமென் என்று ஒன்று காதில் விழுந்தால் போதும், எங்கள் சபையில் தூங்குகிறவன்கூட ஆமென் சொல்லிவிட்டுத்தான் விழிப்பான். மொத்தச் சபையும் "ஆமென்" என்று முழங்கிவிட்டுக் கண்ணைத் திறந்தது, இருமியது, பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தது. செயலாளர் மட்டும் வாயைத் திறந்தபடி நின்றார். முடிந்துபோன ஜெபத்தை மறுபடி தொடங்க விதிமுறையில் இடமில்லை. பாவம், போய் உட்கார்ந்தார். என் மனைவி ஒன்றும் தெரியாதவள் போல முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

மச்சான் எழுந்து வந்தார். கையில் காகிதம் எதுவும் இல்லை. மைக்கைக் கொஞ்சம் இறக்கிவிட்டார்.

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் என் தங்கச்சி கடை வச்சிருக்கா. உங்க எல்லாருக்கும் தெரியும். அதனாலயே நான் வாயத் திறக்காம இருந்தேன். தங்கச்சிக்காகப் பேசறான்னு சொல்லுவீங்களோன்னு பயம். சொல்லுங்க, பரவாயில்ல. யாரோ ஒருத்தருக்காகவாவது பேசினான்னு இருக்கட்டும்."

மூன்றாவது பெஞ்சை ஒருமுறை பார்த்தார்.

"ஒரு வருஷமா வண்டி நிறுத்த இடம் கேட்டோம். யாரோட இடத்தன்னு நாம யோசிக்கல. கவுன்சிலர் மேல தப்பில்ல. அவர் காதுல விழுந்தத அவர் செஞ்சார். மார்க்கெட் பொம்பளைங்க குரல் அவர் காதுல விழல, ஏன்னா அவங்களுக்கு மைக் இல்ல. நமக்கு இருக்கு. அரசியல் வேண்டாம் வேண்டாம்னு சொல்லிக்கிட்டே, நமக்கு வேண்டியத மட்டும் நல்லாவே கேட்டு வாங்கியிருக்கோம்."

செயலாளர் பக்கம் திரும்பினார்.

"யாருக்கு ஓட்டுப் போடணும்னு இந்த இடத்துல இருந்து நான் சொல்ல மாட்டேன். யாரும் சொல்லவும் கூடாது, ஜெபத்துலகூட. நான் சொன்னா மைக்கு சுவிட்ச அணைச்சுடட்டும், நானே அனுமதி குடுக்கறேன். ஆனா நமக்காக அடுத்தவங்ககிட்ட இருந்து எடுக்கிறத, நாமதான் போய் வேண்டாம்னு சொல்லணும். அவங்க போய்ச் சொன்னா எதிர்க்கட்சி தூண்டிவிட்டதும்பாங்க. கேட்டவங்களே வேண்டாம்னு சொன்னா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. அதனால, அந்த ஜெபத்த நாம திரும்ப வாங்கிக்குவோம்."

செயலாளர் தன்னை அறியாமலே எழுந்துவிட்டார். "ஐயா, ஜெபத்தத் திரும்ப வாங்க விதிமுறையில எங்கயும் இடமில்லையே!"

சபையே சிரித்தது. மச்சானும் சிரித்துவிட்டார். அவர் அந்த இடத்தில் நின்று சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அப்ப இன்னொரு ஜெபம் பண்ணிடலாம்" என்றார். "இன்னொண்ணு. நம்ம பின்கட்டு பாத்ரூம் நாளையிலருந்து தெனமும் தெறந்திருக்கும். சுத்தம் பண்ற முறை முதல்ல என்னோடது. அதத் தெறந்துட்டதால நகராட்சி தன்னோடத இடிச்சுக்கலாம்னு அர்த்தமில்ல. அதுக்கும் சேத்துத்தான் நாளைக்குப் போகப் போறோம்."

ஜெபம் சின்னதாகத்தான் இருந்தது. கேட்டது எங்களுக்கு வேண்டாம், எங்கள் பக்கத்தில் இருக்கிறவர்களை முதலில் பார்க்க எங்களுக்குக் கண் தாரும். ஆமென் முன்போலக் கூரையைத் தூக்கவில்லை. பின் பெஞ்சில் இரண்டு குடும்பம் வாயைத் திறக்கவே இல்லை. ஆராதனை முடிந்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்கள். அதில் ஒரு குடும்பம் சில வாரம் சபைப் பக்கமே வரவில்லை.

வெளியே கவுன்சிலர் என்னைத் தனியாக இழுத்தார். "என்ன மைக்கு, என்னப் பேசவும் விடல, திட்டவும் இல்ல?"

"கோவமா?"

"கோவமெல்லாம் இல்லய்யா. நீங்களே வேண்டாம்னா எனக்கென்ன? அங்க கடை வச்சிருக்கிற பொம்பளைங்களுக்கும் ஓட்டு இருக்கு" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். அரசியல்வாதி அரசியல்வாதிதான், ஆனால் கணக்குத் தெரிந்தவர்.

மறுநாள் நகராட்சி அலுவலகத்துக்குப் போனோம். சபையார் பாதி, மார்க்கெட் பெண்கள் பாதி. கீரைக்காரப் பெண் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். மச்சான் போட்ட சத்தம் எதுவும் அங்கே எடுபடவில்லை. பொறியாளர் தீர்மானம் நிறைவேறிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று கையை விரித்தார். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் முன்னால் வந்தார். எங்கள் விதிமுறை.

"நிறைவேறின தீர்மானத்த மறுபரிசீலனைக்குக் கொண்டுவர உங்க விதிமுறையில வழி இருக்கு. கேட்டுக்கிட்ட தரப்பே வேண்டாம்னு நேர்ல வந்து சொன்னா, அடுத்த கூட்டத்துல எடுத்தே ஆகணும். நாங்கதான் அந்தத் தரப்பு. நான் செயலாளர்."

கமிட்டியில் எதிர்த்தவர், சபை முடிவு செய்த பிறகு அதன் செயலாளராக வந்து நின்றார். பொறியாளருக்கு வியர்த்துவிட்டது. செயலாளரிடம் காரை எங்கே நிறுத்திவிட்டு வந்தார் என்று கேட்டேன். "ரெண்டு தெரு தள்ளி. நடந்துதான் வந்தேன்" என்றார் கடுப்பாக. அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த பாசம் இன்னும் குறையவில்லை.

அடுத்த கூட்டத்தில் தீர்மானம் கைவிடப்பட்டது. எதிர்க்கட்சி வேட்பாளர் மாலையோடு மச்சான் வீட்டுக்கு ஓடிவந்து, சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்றாராம். "ஞாயித்துக்கிழமை வாங்க, பெஞ்சுல இடமிருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். தேர்தலில் யார் ஜெயித்தார்கள் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. இரண்டு பேருக்கும் மைக் போட்டது நான்தான்.

பலகையைக் கழற்றினார்கள். கழிவறைக்கு வெள்ளை அடித்து, புதுத் தாழ்ப்பாளும் போட்டுவிட்டார்கள். சபைக் கழிவறைச் சாவி இப்போது வெளிச் சுவரில் ஓர் ஆணியில் தொங்குகிறது. சில நாள் அசிங்கமாகத்தான் ஆகிறது. முறை போட்டுக் கழுவுகிறோம். சனிக்கிழமை முறை செயலாளருடையது. அதற்கும் அவர் விதிமுறை வைத்திருக்கிறார். வண்டிகள் இன்னமும் தெருவில்தான் நிற்கின்றன. ஆராதனை நடுவில் பின்னால் திரும்பிப் பார்ப்பதும் அப்படியே இருக்கிறது.

நேற்று மத்தியானம் சாப்பாடு கொண்டுபோனேன். நல்ல வெயில். என் மனைவி பெரிய பாட்டிலை எடுத்து அண்ணாந்து மடமடவென்று குடித்தாள். பாதியில் நிறுத்துவாள் என்று பார்த்தேன், நிறுத்தவில்லை. காலி பாட்டிலை வைத்துவிட்டு எழுந்தாள்.

"ஏங்க, கடையப் பாத்துக்கங்க. போயிட்டு வந்துடறேன்."

வெங்காயக் கடை அக்காவையும் கூட்டிக்கொண்டு, ஏதோ ஊர் வம்பு பேசிச் சிரித்தபடி, அவசரமே இல்லாமல் நடந்து போனாள். ஒருவர் வந்து தக்காளி என்ன விலை என்றார். எனக்கு என்ன தெரியும்? "கடைக்காரம்மா வரட்டும்" என்றேன். எப்ப வருவாங்க என்றார். "அவங்களுக்கு எப்ப வரணும்னு தோணுதோ அப்ப" என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"என்ன வித்தீங்க?"

"ஒண்ணும் விக்கல."

"உங்கள உக்கார வச்சேன் பாருங்க" என்று தலையில் அடித்துக்கொண்டு, பாட்டிலைக் குழாயடிக்குக் கொண்டுபோய் மறுபடியும் நிரப்பினாள்.